கிரான் போதுமா, ஏர்ஃப்ளோ வேண்டுமா? ஐந்து பேர் டீமுக்கு எது சரி?

தாமரைச்செல்வி:
வணக்கம். சென்னையில் ஒரு சில்லறை விற்பனை நிறுவனத்தின் டேட்டா டீமில் இருக்கிறேன். மொத்தம் ஐந்து பேர். கடைகளிலிருந்து வரும் விற்பனை ஃபைல், கிடங்கு இருப்பு, ஆன்லைன் ஆர்டர் எல்லாவற்றையும் ராத்திரியில் இழுத்து, காலை 8 மணிக்குள் ரிப்போர்ட் கொடுப்பது எங்கள் வேலை. இப்போது எல்லாமே ஒரே லினக்ஸ் சர்வரில் கிரானில், அதாவது குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டும் வசதியில், ஓடுகிறது. 1 மணிக்கு விற்பனை லோடு, 2 மணிக்கு இருப்பு, 3 மணிக்கு இரண்டையும் சேர்த்து ரிப்போர்ட். நடுவில் விட்டிருக்கும் ஒரு மணி நேரம் வெறும் அனுமானம்தான். விற்பனை ஃபைல் தாமதமானால், 3 மணி ஜாப் முந்தைய நாள் டேட்டாவை வைத்தே ரிப்போர்ட்டை அனுப்பிவிடுகிறது. எர்ரர் எதுவும் வராது. கடை மேலாளர் போன் செய்த பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

எது முடிந்தால் எது என்ற வரிசைப்படி ஜாப்களை ஓட்டிக் கண்காணிக்கும் ஏர்ஃப்ளோவுக்கு மாறலாம் என்கிறார் மேனேஜர். தேவையே இல்லை என்கிறார்கள் டீமில் இரண்டு பேர். இந்த மாதிரிக் கருவிகளை ப்ரொடக்‌ஷனில் ஓட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும். கருவிகளின் சொந்த இணையதளங்களில் உள்ள ஒப்பீடுகளையெல்லாம் படித்துவிட்டேன். ஒவ்வொருவரும் தன்னுடையதே சிறந்தது என்கிறார்கள்.

நெல்லை_குமார்:
தயங்காமல் மாறுங்கள். நீங்கள் சொன்ன அந்த 3 மணி ரிப்போர்ட் ஒன்றே போதுமான காரணம். கிரானுக்குக் கடிகாரம் மட்டும்தான் தெரியும். முந்தைய ஜாப் முடிந்ததா, பாதியில் செத்ததா, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஏர்ஃப்ளோவில் விற்பனை லோடும் இருப்பு லோடும் முடிந்தால்தான் ரிப்போர்ட் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். விற்பனை தோற்றால் ரிப்போர்ட் ஓடவே ஓடாது. உங்களுக்கு அலர்ட் வரும். தப்பான ரிப்போர்ட் போவதைவிட, ரிப்போர்ட் வராமலிருப்பது எவ்வளவோ மேல்.

அடுத்தது ரீரன். காலையில் வந்து பார்க்கிறீர்கள், பத்து டாஸ்க்கில் நான்காவது சிவப்பாக இருக்கிறது. லாக்கைத் திறந்து காரணத்தைப் பார்த்து, சரிசெய்து, அந்த டாஸ்க்கையும் அதற்குப் பின்னால் உள்ளவற்றையும் மட்டும் க்ளியர் செய்தால் அங்கிருந்து மறுபடி ஓடும். முதல் மூன்றையும் தொட வேண்டியதில்லை. கிரானில் இதையே செய்ய, எந்த ஸ்கிரிப்ட் எதுவரை போனது என்று ஒருவர் மண்டையில் வைத்திருக்க வேண்டும். அவர் லீவில் போனால் கதை முடிந்தது.

ஆளும் கிடைக்கும். 2014-இல் ஏர்பிஎன்பிக்குள் மாக்சிம் போஷெமின் தொடங்கியது, அடுத்த வருஷம் ஓப்பன் சோர்ஸ் ஆனது, 2019-இலிருந்து அப்பாச்சியின் முதல்நிலைத் திட்டம். நீங்கள் முட்டிக்கொள்ளப் போகும் எர்ரரில் ஏற்கெனவே யாராவது முட்டி, கேட்டு, பதிலும் வாங்கியிருப்பார்கள்.

கடலோரம்:
குமார் சார் சொன்ன பிரச்சினை எல்லாம் உண்மை. தீர்வில்தான் எனக்கு உடன்பாடில்லை. மூன்று ஜாப் வரிசையாக ஓட வேண்டும் என்பதற்காக ஐந்து பேர் டீமின் தலையில் ஒரு விநியோகக் கட்டமைப்பை ஏற்றி வைக்கிறோம்.

ஏர்ஃப்ளோ 3 என்றால் என்னென்ன ஓட வேண்டும்? ஷெட்யூலர், ஏபிஐ சர்வர், டேக் ஃபைல்களை (டாஸ்க்குகளையும் அவற்றின் வரிசையையும் எழுதிவைக்கும் பைத்தான் ஃபைல்கள்) படிக்கும் ப்ராசஸர், இடத்தைப் பிடிக்காமல் காத்திருக்கும் டெஃபரபிள் டாஸ்க் வைத்தால் ட்ரிகரர், இதற்கெல்லாம் பின்னால் ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். வேலையைப் பல மெஷின்களுக்குப் பிரிக்கும் செலரி போட்டால் டாஸ்க்கை ஓட்டும் வொர்க்கர்களும், நடுவில் க்யூவாக ரெடிஸும் கூடுதல். இதில் எது விழுந்தாலும் ராத்திரி எழுந்து பார்க்க வேண்டியவர் யார்? அதே ஐந்து பேர்தான். டேட்டா வேலைக்கு வந்தவர்களைக் கட்டமைப்பு வேலைக்கு மாற்றிவிடுகிறோம்.

பைத்தான் லைப்ரரி விஷயமும் இருக்கிறது. ஏர்ஃப்ளோவை, எந்த லைப்ரரி எந்தப் பதிப்பு என்று அதற்கென்று தரப்படும் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் ஃபைலோடு சேர்த்துத்தான் நிறுவச் சொல்கிறார்கள். உங்கள் ஸ்கிரிப்டுக்கு வேறு பாண்டாஸ் பதிப்பு தேவைப்பட்டால் தனி விர்ச்சுவல் என்விரான்மென்ட் அல்லது தனி கன்டெய்னர் என்று இன்னொரு அடுக்கு ஏறும்.

தாமரை, உங்கள் மூன்று கிரான் வரிகளை ஒரே ஷெல் ஸ்கிரிப்டாக்குங்கள். முதலாவது வெற்றியாக முடிந்தால் இரண்டாவது, அதுவும் முடிந்தால் மூன்றாவது. இரண்டு தடவை ஒரே நேரத்தில் ஓடாமலிருக்க ஃப்ளாக் கட்டளை. கடைசி வரியில் வெளியே ஒரு கண்காணிப்புச் சேவைக்கு பிங். 6 மணிக்குள் பிங் வரவில்லையென்றால் அது உங்கள் போனுக்கு அடிக்கும். சார்புகள் (எது முடிந்தால் எது) கொஞ்சம் சிக்கலானால் மேக் என்ற பழைய யூனிக்ஸ் கருவி இருக்கிறது. 1976-லிருந்து இதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. ஒரு மதியத்தில் முடியும்.

நெல்லை_குமார்:
நீங்கள் போட்ட பட்டியல் பெரிய நிறுவனத்துக்கானது. ஐந்து பேருக்கு செலரியும் வேண்டாம், குபர்நெட்டிஸும் வேண்டாம். ஒரே சர்வர், அதே மெஷினிலேயே டாஸ்க்கை ஓட்டும் லோக்கல் எக்ஸிக்யூட்டர், போஸ்ட்கிரெஸ். லினக்ஸின் சிஸ்டம்டி கீழே வைத்துவிட்டால் விழுந்தால் தானே எழும். டாஸ்க்குக்குள் உங்கள் பழைய ஸ்கிரிப்டையே, ஷெல் கட்டளையை ஓட்டும் பேஷ் ஆபரேட்டரில் கூப்பிடலாம். அப்போது பாண்டாஸ் சண்டை வரவே வராது, ஸ்கிரிப்ட் தன் சொந்த என்விரான்மென்ட்டில் ஓடும்.

மலர்விழி:
நடுவில் வருகிறேன். நீங்கள் இருவரும் டாஸ்க் என்ற கோணத்திலிருந்தே பேசுகிறீர்கள். கடை மேலாளர் போனில் என்ன கேட்கிறார்? "உங்கள் 2 மணி ஜாப் பச்சையா?" என்றா? "நேற்றைய இருப்புக் கணக்கு சரியா?" என்றுதான் கேட்கிறார். ஏர்ஃப்ளோவின் திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும், டேபிளில் பாதி வரிதான் இருக்கும். ஃபைல் காலியாக வந்தாலும் லோடு வெற்றியாகத்தானே முடிகிறது?

நாங்கள் ஏர்ஃப்ளோ போன்ற இன்னொரு கருவியான டேக்ஸ்டர் வைத்திருக்கிறோம். கிராஃப்கியூஎல் என்ற ஏபிஐ வினவல் மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான நிக் ஷ்ராக் தொடங்கியது. அதில் நீங்கள் அறிவிப்பது டேபிளை: "தினசரி விற்பனை" என்று ஒரு அசெட், "தினசரி இருப்பு" என்று இன்னொன்று, "காலை ரிப்போர்ட்" அந்த இரண்டையும் சார்ந்தது. ஒவ்வொரு அசெட்டும் நாள்வாரியாகப் பிரிந்து, அதாவது பார்ட்டிஷன் ஆகியிருக்கும். திரையைத் திறந்தால் எந்த நாளின் எந்த டேபிள் இருக்கிறது, எது இல்லை, எது தோற்றது என்று நாள்பட்டியல் போலத் தெரியும். கூடவே அசெட் செக் எழுதலாம். கடைகளின் எண்ணிக்கைக்குக் குறைவாக ஃபைல் வந்தால் அதுவே ரிப்போர்ட்டை நிறுத்தும்.

டெஸ்ட் எழுதுவதும் எளிது. அசெட் என்பது ஒரு பைத்தான் ஃபங்ஷன். லேப்டாப்பில் பொய் டேட்டா கொடுத்துக் கூப்பிட்டுப் பார்க்கலாம்.

நெல்லை_குமார்:
மலர்விழி, ஏர்ஃப்ளோவிலும் 2.4-இல், 2022-இலேயே, டேட்டாசெட் வந்துவிட்டது. 3-இல் அதன் பெயரே அசெட். ஒரு டேக் இந்த டேட்டாசெட்டைப் புதுப்பிக்கிறது என்று அறிவித்தால், அதைச் சார்ந்த டேக் தானாக ஓடும். காலி ஃபைலைப் பிடிக்க ஒரு செக் டாஸ்க் நடுவில் போட்டால் போதும், வரிகளின் எண்ணிக்கையைப் பார்க்கும் ஆபரேட்டர்கள் தயாராகவே இருக்கின்றன.

டேக்ஸ்டரின் ஓப்பன் சோர்ஸ் பதிப்பில் லாகின் கிடையாது என்பதையும் சொல்லுங்கள். யார் எதைப் பார்க்கலாம், யார் எதை ஓட்டலாம் என்ற கட்டுப்பாடு காசு கொடுத்து வாங்கும் பதிப்பில்தான். ஏர்ஃப்ளோவில் அது இலவசம்.

மலர்விழி:
லாகின் விஷயம் உண்மை. நாங்கள் விபிஎன்னுக்கு உள்ளே வைத்திருக்கிறோம், முன்னால் ஒரு ப்ராக்ஸி. ஐந்து பேருக்கு அது போதும்.

டேட்டாசெட் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுதல்ல. 2.4-இல் வந்த டேட்டாசெட் ஒரு பெயர்ப்பலகை. டாஸ்க் வெற்றியாக முடிந்தால் "புதுப்பிக்கப்பட்டது" என்று ஏர்ஃப்ளோ குறித்துக்கொள்கிறது. அந்த முகவரிக்குள் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை. வெளியிலிருந்து ஒருவர் டேபிளை மாற்றினாலும் அதற்குத் தெரியாது.

யாழ்_நிரோஷன்:
வணக்கம். கருவியைப் பற்றிக் கதைக்கிறீர்கள், ஒருவரும் தேதியைப் பற்றிக் கதைக்கவில்லை. தாமரை அக்கா மாறினால் முதலில் அடிவிழப்போவது அங்கேதான். ஆகையால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஏர்ஃப்ளோ 2-இல் தினசரி ஓட்டம் என்று கொடுத்தால், ஜூலை 1-க்கான ஓட்டம் ஜூலை 1-இல் தொடங்காது. அந்த நாள் முடிந்த பிறகு, ஜூலை 2 பிறக்கும்போது தொடங்கும். நாள் முடிந்தால்தானே அந்த நாளின் தரவு முழுதாக இருக்கும் என்பது அதன் தர்க்கம். நியாயமான தர்க்கம்தான். ஆனால் அந்த ஓட்டத்துக்கு எக்ஸிக்யூஷன் டேட் என்று பெயர் வைத்திருந்தார்கள். 2.2-இல் அதை லாஜிக்கல் டேட் என்று மாற்றி, தரவு இடைவெளியின் தொடக்கம், முடிவு என்று இரண்டு தனி மதிப்புகளும் கொடுத்தார்கள்.

இனி நேர வலயம். ஒன்றும் குறிப்பிடாவிட்டால் ஏர்ஃப்ளோ யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், ஓடும். யூடிசி நள்ளிரவு என்றால் இந்தியாவிலும் இலங்கையிலும் காலை 5:30. அப்படியானால் உங்கள் ஒரு "நாள்" என்பது காலை 5:30-இலிருந்து மறுநாள் காலை 5:30 வரை. இரவு பத்து மணிக்குப் பூட்டும் கடைக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் ஜூலை 2 அதிகாலை 1 மணிக்கு ஒருவர் ஆன்லைனில் வாங்கினால் அது ஜூலை 1 கணக்கில் போய் விழும். கடைக் கணக்கு சரியாக இருக்கும், ஆன்லைன் கணக்கு மட்டும் நிதிப் பிரிவோடு ஒவ்வாது. காரணத்தைத் தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

சரி, ஆசியா/கொல்கத்தா வலயத்தை டேக்கில் போட்டாயிற்று. இப்போது ஜூலை 2 நள்ளிரவில் நம் நேரப்படி ஓட்டம் தொடங்குகிறது. இடைவெளியின் தொடக்கம் ஜூலை 1 நள்ளிரவு, நம் நேரம். சரிதான். ஆனால் டெம்ப்ளேட்டில், அதாவது ஓடும்போது ஏர்ஃப்ளோ மதிப்பை நிரப்பும் இடத்தில், 'டிஎஸ்' என்ற சுருக்கத் தேதியைப் பயன்படுத்தினால் அது யூடிசியிலேயே எழுதப்படும். ஜூலை 1 நள்ளிரவு நம் நேரம் என்பது யூடிசியில் ஜூன் 30 மாலை 6:30. ஆக, ஜூலை 1 விற்பனைக்கான ஓட்டம் கையில் "ஜூன் 30" என்ற தேதியோடு ஓடும். இடைவெளியின் தொடக்கத்தை எடுத்து, நம் வலயத்துக்கு மாற்றி, அதன் பிறகே தேதியாக்க வேண்டும்.

இன்னும் ஒன்று உண்டு. ஏர்ஃப்ளோ 3-இல் கிரான் அட்டவணையின் இயல்புநிலையையே மாற்றிவிட்டார்கள். இடைவெளி கணக்கில்லை, ஓட்டம் தொடங்கும் நேரமே லாஜிக்கல் டேட். மேலே சொன்ன அதே ஓட்டத்தில் டிஎஸ் இப்போது ஜூலை 1 என்று வரும். 2-க்காக எழுதிய இணையப் பதிலை 3-இல் ஒட்டினால் ஒரு நாள் தள்ளிப்போகும், எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல். பழைய நடத்தைதான் வேண்டும் என்றால் அமைப்புக் கோப்பில் ஒரு மதிப்பை மாற்றலாம், அல்லது டேக்கிலேயே இடைவெளி டைம்டேபிளை வெளிப்படையாகக் கொடுக்கலாம். நான் இரண்டாவதையே சொல்வேன், வாசிப்பவருக்கு விளங்கும்.

கடலோரம்:
நான் சொல்ல வந்ததே இதுதான். நிரோஷன் இவ்வளவு எழுதி விளக்க வேண்டியிருக்கிறது. கிரானில் சர்வரின் நேரம் இந்திய நேரம், ஸ்கிரிப்டில் "நேற்று" என்று ஒரு சொல், முடிந்தது வேலை.

யாழ்_நிரோஷன்:
அண்ணா, அந்த "நேற்று" என்பதுதான் எனக்குப் பயம். திங்கள் இரவு ஓட வேண்டியது தோற்றுப்போயிற்று, வியாழன் காலை சரிசெய்து மறுபடி ஓட்டுகிறீர்கள். "நேற்று" என்றால் புதன். திங்களுக்கான தரவு எப்படி வரும்? ஸ்கிரிப்டைத் திறந்து தேதியைக் கையால் எழுதி ஓட்டி, பிறகு மறக்காமல் திருப்பி மாற்ற வேண்டும். அது கிரானோ ஏர்ஃப்ளோவோ, தேதியை வெளியிலிருந்து கொடுக்கும் விதமாக ஸ்கிரிப்டை எழுதியே ஆக வேண்டும். ஸ்கிரிப்ட் கடிகாரத்தைப் பார்க்கவே கூடாது.

கடலோரம்:
அது சரி. ஸ்கிரிப்டுக்குத் தேதியை ஆர்கியுமென்டாகக் கொடுங்கள், கிரான் வரியில் மட்டும் "நேற்று" இருக்கட்டும். அதற்கும் ஏர்ஃப்ளோ தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தாமரைச்செல்வி:
படிக்கப் படிக்க எங்கள் நிலைமை தெளிவாகிறது. எங்கள் ஸ்கிரிப்ட் எல்லாமே "நேற்று" வகைதான். அதோடு, லோடு ஆகும்போது டேபிளில் வரிகளைச் சேர்த்துக்கொண்டே போகும். ஒரே நாளை இரண்டு தடவை ஓட்டினால் விற்பனை இரட்டிப்பாகிவிடும். அதனால்தான் யாரும் ரீரன் செய்யவே பயப்படுகிறார்கள். குமார் சார் சொன்ன க்ளியர் பட்டனை நாங்கள் அமுக்கினால் என்ன ஆகும்?

நெல்லை_குமார்:
இரட்டிப்பாகும். எந்தக் கருவியும் அதைக் காப்பாற்றாது. முதலில் இதைச் சரிசெய்யுங்கள். ஒரே ட்ரான்சாக்‌ஷனுக்குள், அந்தத் தேதிக்கு ஏற்கெனவே உள்ள வரிகளை டெலீட் செய்து, புதியவற்றை இன்செர்ட் செய்து, கமிட். நடுவில் தோற்றால் எதுவுமே மாறியிருக்காது. எத்தனை தடவை ஓட்டினாலும் விடை ஒன்றுதான். ஏர்ஃப்ளோவில் ரீட்ரை வைக்கும் முன் இது முடிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ரீட்ரை தானாகவே டேபிளைக் கெடுக்கும்.

மலர்விழி:
எந்தத் தேதியை வைத்து டெலீட் செய்வது என்று கேளுங்கள், அங்கேதான் சிக்கல் இருக்கிறது. தாமரை, உங்கள் கடைகளில் நெட் போய்விட்டால் என்ன நடக்கும்? பில் கவுன்டரில் சேர்ந்துகொண்டே இருந்து, நெட் வந்ததும் மொத்தமாக வருமல்லவா? ஜூலை 1-இன் பில் ஜூலை 3 ஃபைலில் வரும். ஃபைல் வந்த தேதியை வைத்து டெலீட் செய்தால் பில் தேதிக் கணக்கு அங்கங்கே சிதறும். பில் தேதியை வைத்து டெலீட் செய்தால் ஜூலை 3 ஃபைலை ஏற்றும்போது, ஜூலை 1-க்கு ஏற்கெனவே இருந்த நல்ல வரிகள் எல்லாம் போய், தாமதமாக வந்த நான்கு பில் மட்டும் மிஞ்சும்.

நாங்கள் செய்வது: வந்த ஃபைலை வந்த தேதியோடு அப்படியே ஒரு மூல டேபிளில் வைக்கிறோம். அதிலிருந்து பில் தேதிவாரியாக இன்னொரு டேபிளைக் கட்டுகிறோம். தாமதமான பில் வந்தால் ஜூலை 1 பார்ட்டிஷனை மூலத்திலிருந்து மறுபடி முழுதாகக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டினால் ஜூலை 1-ஐ வைத்துச் செய்த வாரக் கணக்கு, மாதக் கணக்கு எதெது பழசாகிவிட்டது என்பது டேக்ஸ்டரில் அசெட் வரைபடத்தில் தெரிகிறது. நான் முதலிலிருந்து சொல்லிவரும் வித்தியாசம் இதுதான்.

நெல்லை_குமார்:
மூல டேபிள் யோசனை அருமை, எந்தக் கருவிக்கும் பொருந்தும். வரைபடம் அளவுக்குப் போகாமலும் இதைத் தீர்க்கலாம். ஒவ்வொரு ராத்திரியும் கடைசி மூன்று நாளை மறுபடி கட்டுங்கள். சில்லறை விற்பனையில் தாமத பில் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். கொஞ்சம் கணினி நேரம் வீண், ஆனால் யாரும் எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

மலர்விழி:
நான்காம் நாள் வந்த பில் அப்படியே விடுபட்டுப்போகும், யாருக்கும் தெரியாது. 3 மணி ரிப்போர்ட்டுக்கு நடந்தது திரும்ப நடக்கும். அனுமானத்தை ஒரு மணி நேரத்திலிருந்து மூன்று நாளாக நீட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பாலா_சிங்கை:
சிங்கப்பூரிலிருந்து. ஒரு நிதி நிறுவனத்தில் ஏர்ஃப்ளோவைப் பெரிய அளவில் ஓட்டிய அனுபவம். குமார் அண்ணனோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஆனால் ஃபைலுக்குக் காத்திருக்கும் சென்சார் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை. தாமரைக்கு முதல் வாரமே தேவைப்படப்போவது அதுதான், ஏனென்றால் கடை ஃபைல் எப்போது வரும் என்று தெரியாது.

சென்சாரின் இயல்புநிலை 'போக்'. அதாவது ஃபைல் வந்ததா என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப்பார்க்கும், நடுவில் தூங்கும், ஆனால் தூங்கும்போதும் வொர்க்கரில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். செலரி வொர்க்கருக்கு இயல்பாக 16 இடம். அங்கே நடந்தது இது: 16 சென்சார்கள் 16 ஃபைலுக்காகக் காத்திருந்தன. அந்த ஃபைல்களை உருவாக்க வேண்டிய டாஸ்க் இடமில்லாமல் க்யூவில் நின்றது. எதுவும் தோற்கவில்லை, எதுவும் நகரவும் இல்லை. திரை முழுக்க "ரன்னிங்" என்றே காட்டியது. சென்சாரின் இயல்பான டைம்அவுட் ஏழு நாள் என்பதால் அதுவாக விழவும் விழாது.

தீர்வு எளிது. மோடை 'ரீஷெட்யூல்' ஆக்கினால் தூங்கும்போது இடத்தை விட்டுக்கொடுக்கும். 2.2-இலிருந்து டெஃபரபிள் வகையும் உண்டு, காத்திருப்பை ட்ரிகரர் பார்த்துக்கொள்ளும். டைம்அவுட்டை உங்கள் தேவைக்கு, அதிகாலை 5 மணி என்றால் 5 மணிக்கு முடியும்படி, வையுங்கள். சென்சார்களுக்குத் தனி பூல் (இடங்களின் ஒதுக்கீடு) கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று: ஏர்ஃப்ளோவுக்குள் டேட்டாவைச் சுமக்காதீர்கள். பெரிய ஃபைலை பாண்டாஸில் படித்து அடுத்த டாஸ்க்குக்கு எக்ஸ்காம் (டாஸ்க்குகளுக்கிடையே சிறு மதிப்புகளைக் கடத்தும் வழி) வழியாக அனுப்பினால் அது போய் உட்காருவது ஏர்ஃப்ளோவின் சொந்த மெட்டாடேட்டா டேட்டாபேஸில். ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பாதையை மட்டும் அனுப்புங்கள். கனமான வேலை டேட்டாபேஸிலோ ஸ்பார்க் போன்ற பெரிய டேட்டாவுக்கான கருவியிலோ நடக்கட்டும்.

கடலோரம்:
இதோடு நானும் ஒன்று சேர்க்கிறேன். டேக் ஃபைலின் மேல்பகுதியில், டாஸ்க்குக்கு வெளியே, ஒருவர் டேட்டாபேஸ் க்வெரி எழுதிவிடுவார். கடைப் பட்டியலை எடுத்து, கடைக்கு ஒரு டாஸ்க் உருவாக்கலாம் என்ற நல்ல எண்ணம்தான். இயல்பான அமைப்பில் ஏர்ஃப்ளோ ஒவ்வொரு டேக் ஃபைலையும் 30 வினாடிக்கு ஒரு தடவை மறுபடி படிக்கும். அந்தக் க்வெரி ஒரு நாளில் 2,880 தடவை ஓடும், ஜாப் ஓடுவது ஒரே தடவைதான் என்றாலும். இது ஃபைல் ஒன்றுக்கு. டேட்டாபேஸ் ஆள் வந்து சண்டை போடும்வரை யாருக்கும் தெரியாது.

நான் கேட்பது இதுதான். தேதி, சென்சார், எக்ஸ்காம், மேல்பகுதிக் க்வெரி என்று இவ்வளவு தெரிந்துகொண்ட பிறகுதான் ஏர்ஃப்ளோ பாதுகாப்பாக ஓடும் என்றால், ஐந்து பேரில் ஒருவர் முழுநேரமும் அதற்கே போக மாட்டாரா?

பாலா_சிங்கை:
மேல்பகுதிக் க்வெரிக்கு மாற்று 2.3-இலேயே வந்துவிட்டது. டைனமிக் டாஸ்க் மேப்பிங். பட்டியலை ஒரு டாஸ்க் எடுக்கும், ஓடும் நேரத்தில்தான் கடைக்கொரு டாஸ்க்காக விரியும்.

நெல்லை_குமார்:
கடலோரம் சார், கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஷெல் ஸ்கிரிப்ட் வழி எங்கே போய் முடியும் என்று பார்த்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் கிரானின் எர்ரர் மெயில் எல்லாம் ஒருவரின் முகவரிக்குப் போகும்படி வைத்திருந்தார்கள். அவர் வேலையை விட்டுப் போனார். முகவரி மூடப்பட்டது. ஒரு லோடு வாரக்கணக்கில் தோற்றுக்கொண்டே இருந்தது. ஸ்கிரிப்ட் எழுதியவர் திறமையானவர்தான். ஃப்ளாக் இருந்தது, ரீட்ரை இருந்தது, லாக் இருந்தது, அவரே எழுதிய ஒரு சின்னச் சார்பு முறையும் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அது ஏர்ஃப்ளோ போன்ற ஒரு ஆர்க்கெஸ்ட்ரேட்டர்தான். ஆவணம் இல்லாதது, ஒரே ஆளுக்குத் தெரிந்தது. புதிதாக வந்தவர்கள் தொடவே பயந்தார்கள். ஏர்ஃப்ளோவில் தெரிந்துகொள்ள வேண்டியவை எல்லாம் ஆவணத்தில் எழுதப்பட்டவை. உங்கள் ஷெல் ஸ்கிரிப்டில் தெரிந்துகொள்ள வேண்டியவை உங்கள் தலைக்குள் இருக்கின்றன.

கடலோரம்:
அந்த மெயில் விஷயத்துக்காகத்தான் வெளியே பிங் என்றேன். தோற்றால் சொல்வது போதாது, வெற்றிச் செய்தி வராவிட்டால் கத்த வேண்டும். ஆனால் "தலைக்குள் இருக்கிறது" என்பதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பத்து ஜாப் வரை ஒரு ஸ்கிரிப்டைப் படித்துப் புரிந்துகொள்ளலாம். ஐம்பது என்றால் முடியாது. தாமரை, உங்களிடம் மொத்தம் எத்தனை?

தாமரைச்செல்வி:
இன்று கிரான் ஜாப்களின் பட்டியலான கிரான்டேபைத் திறந்து எண்ணினோம். அறுபதுக்கு மேல் இருக்கிறது. அதில் சிலவற்றை யார் வைத்தார்கள் என்றே தெரியவில்லை. மூன்று என்று முதலில் எழுதியது முக்கியமான வரிசையை மட்டும்.

கடலோரம்:
அறுபது என்றால் நான் கிரானோடு இருக்கச் சொல்ல மாட்டேன். ஆனாலும் கருவி வாங்கும் முன் அந்த அறுபதில் எவை யாருக்கும் தேவையில்லை என்று பாருங்கள். ஸ்கிரிப்டுகளைத் தேதி வாங்கும்படியும், எத்தனை தடவை ஓட்டினாலும் கெடாதபடியும் மாற்றுங்கள். கட்டளைவரியிலிருந்து கூப்பிடக்கூடியதாகவே வையுங்கள். தொழில் தர்க்கத்தை டேக் ஃபைலுக்குள் எழுதாதீர்கள். இதே வகைக் கருவியான ப்ரிஃபெக்ட் 2022-இல் 1-இலிருந்து 2-க்குப் போனபோது பழைய ஃப்ளோக்களை மாற்றி எழுத வேண்டியிருந்தது. ஏர்ஃப்ளோ 3-இலும் சப்டேக் (டேக்குக்குள் டேக்), எஸ்எல்ஏ (நேரக்கெடு தவறினால் எச்சரிக்கை) இரண்டும் எடுக்கப்பட்டுவிட்டன. கருவி மாறும். ஸ்கிரிப்ட் தனியாக நின்றால் உங்களுக்கு வலிக்காது.

மலர்விழி:
ஸ்கிரிப்டாகவே வைத்தால் கருவிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலே போகும். அதன் பிறகு எந்தக் கருவி வைத்தாலும் அது அழகான கிரான்தான். குறைந்தபட்சம் எஸ்கியூஎல் பகுதியை, டேபிளைக் கட்டும் எஸ்கியூஎல்லை மாடல் என்ற ஃபைல்களாக வைத்து ஓட்டும் டிபிடிக்கு மாற்றுங்கள். எந்த டேபிள் எதிலிருந்து வருகிறது என்பதை அது தானாகவே அறியும். டேக்ஸ்டர் ஒவ்வொரு டிபிடி மாடலையும் தனி அசெட்டாகக் காட்டும்.

தாமரைச்செல்வி:
டீமில் உட்கார்ந்து பேசினோம். முதலில் கிரான்டேபைச் சுத்தம் செய்கிறோம். பிறகு மூல டேபிளும் பில் தேதி டேபிளும். அது முடிந்ததும் விற்பனை, இருப்பு, ரிப்போர்ட் வரிசையை மட்டும் ஒரே சர்வரில் ஏர்ஃப்ளோவில் வைத்துப் பார்க்கப்போகிறோம். பழைய கிரானும் பக்கத்திலேயே வேறு டேபிளுக்கு ஓடும், இரண்டையும் ஒப்பிடுவோம். மலர்விழி சொன்ன காலி ஃபைல் செக் முதல் நாளிலிருந்தே இருக்கும். மூன்று நாள் மறுகட்டுமானமா, பார்ட்டிஷன் வரைபடமா என்பதில் எங்களுக்குள்ளேயே இன்னும் முடிவாகவில்லை. இரண்டு கேள்வி: 2-ஆ, 3-ஆ? ஏர்ஃப்ளோவே ராத்திரி விழுந்தால் எப்படித் தெரியும்?

நெல்லை_குமார்:
புதிதாகத் தொடங்குபவர்கள் 3-இல்தான் தொடங்க வேண்டும். 2-க்கான ஆதரவின் கடைசி மாதம் 2026 ஏப்ரல் என்று திட்டத்திலேயே அறிவித்திருக்கிறார்கள். இரண்டாவதற்கு, ஏபிஐ சர்வரில் ஹெல்த் முகவரி ஒன்று உண்டு. ஷெட்யூலர் கடைசியாக எப்போது உயிர்க்குறி கொடுத்தது என்று அதில் தெரியும். இன்னொரு மெஷினிலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அதைப் பாருங்கள். அதோடு கடலோரம் சார் சொன்ன வெளிப் பிங்கை ரிப்போர்ட் டாஸ்க்கின் கடைசியில் வையுங்கள்.

மலர்விழி:
ஒப்பிடும்போது வரிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். கடைவாரியாக, பில் தேதிவாரியாக மொத்தத் தொகையையும் பாருங்கள். நான்காம் நாளுக்குப் பிறகு வந்த பில் எத்தனை என்று தனியாக எண்ணிவையுங்கள். அந்த எண் வந்ததும் நானும் குமார் சாரும் மறுபடி பேசுகிறோம்.

யாழ்_நிரோஷன்:
அக்கா, ஒப்பீட்டில் ஆன்லைன் ஆர்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவு 12 மணிக்கும் காலை 5:30-க்கும் இடையில் வந்த ஆர்டர்களை மட்டும் பிரித்து, இரண்டு பக்கமும் ஒரே தேதியில் விழுகின்றனவா என்று பாருங்கள். மாத முதல் தேதியில் கட்டாயம் பாருங்கள். அன்று தவறினால் தொகை முந்தைய மாதக் கணக்குக்குப் போய்விடும்.

தாமரைச்செல்வி:
இரண்டையும் ஒப்பீட்டு க்வெரியில் எழுதிவிட்டேன். மாதக் கடைசியில் ஓட்டம் தொடங்குகிறது, அடுத்த மாதம் 1-ஆம் தேதி கணக்கு வந்ததும் எண்களை இங்கே போடுகிறேன்.